நாற்பத்து மூன்றாவது தீர்மானம்

சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. விடியற்காலை கடை விரிக்கக் கிளம்பும் முன் வீட்டில் அரை டம்ளர் குடித்தால் உண்டு. அதன்பிறகு மதியம் இரண்டு மணிக்குச் சாக்கை உதறி மடிக்கும் வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். கீரைக்கு வாளி வாளியாகத் தெளிப்பார்கள். தெளித்த ஈரக்கையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொள்வார்கள். தலை சுற்றினால் வெள்ளரித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்கள். சந்தைக்குப் புதிதாக வருகிறவளுக்கு எடை போடச் சொல்லிக் கொடுக்கும் முன் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆண்களுக்குப் பின்பக்கத்து மதில் இருந்தது. பெண்களுக்கு ஒதுங்க ஒன்றும் கிடையாது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது என்றால், இத்தனை காலம் அதைப் பார்த்துக்கொண்டே காய் வாங்கிப் போன ஊருக்கு எவ்வளவு கூச்சம் வந்திருக்க வேண்டும்! வரவில்லை.

வெண்கலமும் அவள் அக்காவும் அந்தச் சந்தையில் அடுத்தடுத்துக் கடை போட்டவர்கள். வெண்கலத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவள் தொண்டையைத் திறந்து தக்காளி விலையைக் கூவினால் மூட்டை இறக்கும் வாசல் வரைக்கும் கேட்கும் என்பதால் சந்தை அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தது. நகராட்சித் தேர்தலில் நின்றபோது ஆளாளுக்குச் சாலை, பாலம், பூங்கா என்று அடுக்கினார்கள். அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை. எதிர்த்து நின்றவர் படித்தவர். காய்கறி நிறுப்பவளுக்கு மன்றத்தில் என்ன வேலை, அங்கே நீட்டுகிற காகிதத்தைப் படிக்கவாவது தெரியுமா என்று மேடை போட்டுக் கேட்டார்.

"எழுத்துக் கூட்டியாவது ஒரு தாள் விடாம படிப்பேன். படிக்காம ஒண்ணுக்கும் தலையாட்ட மாட்டேன்" என்று ஒலிபெருக்கி இல்லாமலே பதில் சொன்னாள் வெண்கலம். இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள்.

கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவள் ஏறி இறங்காத அலுவலகப் படி இல்லை. நாலு கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கண்ணாடி. திறந்த அன்றைக்குத் தேவை இருந்தவளும் இல்லாதவளும் வரிசையில் நின்றார்கள். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"நல்லா விழுதுடி தாழ்ப்பா" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆற்றிய திறப்பு விழாப் பேச்சு.

அக்காவுக்கு வெண்கலத்தைவிட ஒன்பது வயது கூட. புருஷன் போனபிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டவள். முப்பது வருஷம் தாகத்தை அடக்கியதில் ஒரு சிறுநீரகம் சுருங்கிப் போயிருந்தது. மற்றதில் கல். "மருந்து அப்புறம். முதல்ல தண்ணி. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். இருக்கிற ஒண்ணும் போச்சுன்னா என் கையில எதுவும் இல்ல" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கழிப்பறை திறந்தபிறகு அக்கா பெரிய பாட்டில் ஒன்று வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எடைக்கு ஒரு வாய், சில்லறைக்கு ஒரு வாய் என்று குடித்தாள். "விட்டுப் போன முப்பது வருஷத்தையும் சேத்துக் குடிக்கிறா. ஊருக்குக் கொஞ்சம் மிச்சம் வைடியம்மா" என்று பக்கத்துக் கீரைக்காரி கேலி செய்வாள். நாலு மாதத்தில் அக்காவின் முகத்தில் களை வந்தது. கால் வீக்கம் வடிந்தது. வெண்கலத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க, பதவி என்று ஒன்று இருந்தால் அது இதற்குத்தான் என்று தோன்றும்.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாலு கதவுக்கும் சேர்த்து வெளியே ஒரு பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் ஒரு நோட்டீஸ். பசை கூடக் காயவில்லை.

கீரைக்காரிதான் வெண்கலத்தை இழுத்துக்கொண்டு போனாள். "என்ன எழுதியிருக்கு, படி."

வெண்கலம் விரலை வைத்துப் படித்தாள். மன்றத்தின் ஏகமனதான தீர்மானத்தின்படி இந்தக் கழிப்பறை மூடப்படுகிறது. மாத இறுதிக்குப் பின் இடித்து, இவ்விடத்தில் வாகன நிறுத்துமிடம் அமைக்கப்படும். தீர்மான எண் நாற்பத்து மூன்று.

"ஏகமனதான்னா?"

"எல்லாருமாச் சேந்துன்னு அர்த்தம்."

"எல்லாரும்னா? நீயுமா?" என்று கேட்டாள் அக்கா.

வெண்கலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கே தெரியலக்கா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

கூடியிருந்தவர்கள் அவரவர் கடைக்குத் திரும்பினார்கள். திட்டியிருந்தால் கூடத் தேவலை. அக்கா தன் இடத்துக்குத் திரும்பிப் போய், பாட்டிலைத் திறந்து, இருந்த தண்ணீர் அத்தனையையும் கொத்தமல்லிக் கட்டின் மேல் ஊற்றினாள். பிறகு வெள்ளரி ஒன்றை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

நகராட்சி அலுவலகத்தின் மாடியில் மன்றப் பிரிவு. ஒரு நீள அறை, இரண்டு பீரோ, ஒரு குமாஸ்தா. அவர் இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதுகிறவர். கேட்டதும் பதிவேட்டைத் தேடவில்லை. கை தானாகப் போய் எடுத்தது.

"போன கூட்டம். மொத்தம் அறுபத்தோரு தீர்மானம். இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து வந்ததுக்குப் போட்டது. நான் இந்தக் கழிவறை சமாச்சாரத்துக்கு எப்ப சரின்னேன்?"

"பன்னிரண்டாவது என்ன, சொல்லுங்க."

"எங்க வார்டுக்குத் தெருவிளக்கு."

"அதத் தலைவர் படிச்சார். 'பன்னிரண்டு முதல் அறுபத்தொண்ணு வரைக்கும் ஏற்கலாமா'ன்னு கேட்டார். எல்லாரும் மேசையத் தட்டினாங்க. நீங்க தட்டினதுதான் எல்லாத்தையும் விடப் பலம். எழுதிக்கிட்டிருந்த நான் நிமிந்து பாத்தேன்."

வெண்கலத்துக்கு நினைவு வந்தது. தெருவிளக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையாலும் தட்டியிருந்தாள். 'வரைக்கும்' என்பதைக் கேட்டாளா, இல்லையா? கேட்டாள். கேட்டும் தட்டினாள். அந்த மன்றத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தன் வார்டு விஷயம் எந்த எண்ணில் இருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பார்கள். மற்றது மொத்தமாக, மேசைத் தட்டலோடு போய்விடும். வந்த நாளிலிருந்தே அவளுக்கு அது பிடிக்கவில்லை. தாள் தாளாகப் படித்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்பாள், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். போன கூட்டத்துக்கு முந்தின வாரம் மட்டும் அக்காவுக்குக் காய்ச்சல். தாள் கட்டு வந்து மூன்று நாள் வீட்டு அலமாரி மேல் கிடந்தது. பன்னிரண்டு வரைக்கும் படித்தாள். விளக்கு வந்துவிட்டது என்று கண்டதும் மடித்து வைத்துவிட்டாள். நாற்பத்து மூன்றில் எழுதியிருந்தது ஒன்றும் பூடகம் இல்லை. 'சந்தையின் பின்புறமுள்ள பெண்கள் கழிப்பறையை அகற்றி' என்று பச்சையாகவே இருந்தது. கொஞ்சம் தாளைத் திருப்பியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தன் கையாலேயே தன் அக்காவின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு விளக்கு வந்தது என்று சிரித்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு அந்தக் கைகளையே பிடிக்கவில்லை.

"இதுக்கு வழியே இல்லையா சார்?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு இருக்கு. எதிர்த்தவங்களோ பேசாம இருந்தவங்களோ கேக்க முடியாது. ஆதரிச்ச உறுப்பினர், 'விவரம் தெரியாம ஆதரிச்சுட்டேன், மறுபடி எடுத்துக்கணும்'னு எழுதிக் குடுத்து, அதச் சபையில நின்னு அவங்களே படிக்கணும். படிச்சா, தலைவர் எடுத்துத்தான் ஆகணும். விதியில இருக்கு."

"யாராவது அப்படி எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"நான் சேந்ததுலேருந்து ஒருத்தரும் இல்ல. விவரம் தெரியாதுன்னு எவம்மா கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்?"

அடுத்த கூட்டத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் சந்தையில் வெயில் தகரத்தில் பட்டுத் தெறித்தது. வெண்கலம் வீட்டிலிருந்தே அக்காவைக் குடிக்கச் சொல்லிப் பார்த்தாள். காலையில் குடித்தால் பத்து மணிக்குள் அவஸ்தை. வீடு பஸ்ஸில் அரை மணி நேரம். கடையை விட்டுப் போய் வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. டீக்கடைக்காரர் தன் பின்கட்டை இரண்டு நாள் திறந்து விட்டார். மூன்றாம் நாள் நாற்பது பெண்கள் வரிசை கட்டியதும் அவர் சம்சாரம் கதவைச் சாத்திவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

"கொஞ்ச நாள் கடைக்குப் போகாம இரேன்க்கா" என்றாள் வெண்கலம்.

"இருந்து?"

"வீட்டுல இருந்து தண்ணியக் குடி. உடம்பு தேறட்டும்."

"வீட்டுல உக்காந்து தண்ணி குடிக்கத்தான் பொறந்தேனா நான்? என் இடத்துல நாளைக்கே ஒருத்தி சாக்க விரிப்பா. அவளும் குடிக்க மாட்டா. அதுல உனக்கு என்ன லாபம்?"

பத்தாம் நாள் அக்கா கடையில் உட்கார்ந்தபடியே முன்னால் சரிந்தாள். உருளைக்கிழங்குக் குவியல் மேல் முகம் பட்டுக் கிழங்குகள் உருண்டு நடைபாதைக்குப் போயின. வெண்கலத்தின் புருஷன் அங்கே மூட்டை சுமக்கிறவர். அவர்தான் ஓடிவந்து தூக்கினார். ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெண்கலத்தை வெளியே கூப்பிட்டாள்.

"ரத்தம் போகுது. நாலு மாசம் எவ்வளவு நல்லா வந்துச்சு! என்ன ஆச்சு, ஏன் நிறுத்தினாங்க?"

வெண்கலம் நடந்ததைச் சொன்னாள், தான் தட்டியதையும் சேர்த்து. டாக்டரம்மா முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவை இப்படி வந்தா டயாலிசிஸ் மெஷின்தான். வாரத்துக்கு மூணு நாள். அப்புறம் சந்தை, கடை எல்லாத்தையும் மறந்துட வேண்டியதுதான்" என்றாள்.

வெண்கலம் குமாஸ்தாவிடம் வழி கேட்டுப் போன சேதி நகராட்சித் தலைவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார், கொடுத்த டீயைக் குடித்தார், அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளறையில் படுத்திருந்த அக்காவை நலம் விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை.

"அக்கா, எழுதிக் குடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று வெண்கலத்திடம் தணிந்த குரலில் ஆரம்பித்தார். வயதில் அவர் மூத்தவர், ஆனாலும் மன்றத்தில் எல்லா உறுப்பினரும் அவருக்கு அக்கா அண்ணன்தான். "வண்டி நிறுத்த இடம் வேணும்னு நீங்களே பத்திரிகையில சொன்னீங்களா இல்லையா? வண்டி நிறுத்த வழியில்லாம ஜனம் பெரிய கடைக்குப் போகுது, சந்தை படுத்துடுச்சுன்னு?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். அதுக்குன்னு இத இடிங்கன்னா சொன்னேன்?"

"வேற எடம் எங்க இருக்கு, காட்டுங்க. மூணு பக்கமும் பட்டா நிலம். இருக்கிறது அந்தப் பின்பக்கம் ஒண்ணுதான். அடுத்த வருஷம் வேற மூலையில நல்லதாவே கட்டிடலாம், நான் வாக்குத் தரேன்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். 'படிக்காம மேசையத் தட்டிட்டேன்'னு நீங்களே சபையில வாசிச்சா, மறுநாள் பேப்பர்ல என்ன வரும்? உங்கள எதிர்த்து நின்னவன் மேடையில என்ன சொன்னானோ அதுதான் வரும். இனிமே நீங்க எந்தக் காகிதத்தக் கையில எடுத்தாலும் சிரிப்பான். அடுத்த தேர்தல்ல நிக்க முடியுமா? யோசிங்க."

அவர் போனபிறகு வெண்கலம் நெடுநேரம் அந்தக் காலி டம்ளரைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். தலைவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்பதில் அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. படித்துவிட்டுத்தான் செய்வாள் என்ற பெயர் இருந்ததே, அது ஒன்றுதான் அவள் சேர்த்து வைத்த சொத்து. அதைத் தன் வாயாலேயே தெருவில் கொட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்?

புருஷன் மூலையில் உட்கார்ந்து தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல? மூட்டை கீழ விழுந்துடுச்சுன்னா விழுந்துடுச்சுன்னுதான் சொல்வோம். காத்தடிச்சுது, கயிறு அறுந்துதுன்னு சொல்றவனுக்கு அடுத்த நாள் யாரும் மூட்டை தர மாட்டாங்க."

"என்னைப் பாத்து ஊரே சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். உள்ள படுத்திருக்கிறது உன் அக்காதானே?"

எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா வாங்கிப் படித்துப் பார்த்து, ஒரு பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

கூட்டம் பதினொரு மணிக்கு. அன்று விடியும்போதே அக்கா, யார் தடுத்தும் கேட்காமல், மருந்துப் பையோடு கடைக்குப் போய்விட்டாள். மன்றத்தில் நாற்பது உறுப்பினர்கள். பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பத்திரிகைக்காரர்கள். தலைவர் அவள் பெயரை வாசித்ததும் வெண்கலம் எழுந்தாள். சந்தையின் கோடி வரைக்கும் கேட்கக் கூவுகிறவள், தாளில் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"நான்... போன கூட்டத்தில்... நாற்பத்து மூன்றாவது தீர்மானத்தை, படிக்காமல், விவரம் தெரியாமல், ஆதரித்துவிட்டேன். அதை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அதை அடக்கினார்கள். அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"எழுதினது அவ்வளவுதான். இன்னும் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன். தெருவிளக்கு வருதுன்னதும் எனக்குத் தலைகால் புரியல, தட்டிட்டேன். அது என் தப்பு. எங்க அக்கா முப்பது வருஷமா தண்ணி குடிக்காம காய் வித்தவ. நாலு மாசம் குடிச்சா. நான் தட்டின தட்டுல நிறுத்திட்டா. இப்ப ரத்தம் போகுது. சந்தையில அவ மாதிரி நூத்திப் பத்துப் பேர் இருக்காங்க. வண்டி நிக்க இடம் வேணும், வேண்டாம்னு சொல்லல. வண்டிக்கு முன்னாடி மனுஷிக்கு வேணும். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நாளைக்கு யாரு வேணா எழுதிக்குங்க. கழிவறையைத் திறந்து விடுங்க."

அப்போது முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்றத்தில் நாலு புத்தகம் படித்தவர் என்று பேர் எடுத்தவர்.

"நானும் படிக்கல" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதற்குமேல் ஒருவரும் எழவில்லை. ஆனால் நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் இருவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தலைவர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார், கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். ரத்துச் செய்யவும் மனமில்லை, இடிக்கவும் முடியாது. கடைசியில், தீர்மானம் முப்பது நாளைக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது, அதற்குள் ஒரு குழு இடத்தைப் பார்த்து அறிக்கை தரும், அதுவரை கழிப்பறை திறந்திருக்கும் என்று அறிவித்தார். "ஏற்கலாமா?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வெண்கலம் இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

அவள் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. குமாஸ்தா போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், பூட்டு திறந்தாகிவிட்டது. கீரைக்காரி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. அக்கா தகரத்து நிழலில் உட்கார்ந்து பீன்ஸை நிறுத்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"முப்பது நாள் திறந்திருக்கும்க்கா. அப்புறம் குழு என்ன சொல்லுதோ அத வச்சு."

"முப்பது நாளா?" அக்கா மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "உன்னச் சிரிச்சானுங்களா?"

"ஒருத்தன் சிரிச்சான்."

"ஒருத்தன்தானே? விடு."

வெண்கலம் குழாயடிக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். டம்ளரில் ஊற்ற ஊற்ற, பாதி வந்ததும் அக்கா கையைக் குறுக்கே வைத்து நிறுத்தினாள். அந்தப் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்க்கா, இன்னும் குடி. திறந்துதானே இருக்கு?"

"போதும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டியா? மூணு லிட்டர்!"

"மறக்கல. முழுசாக் குடிச்சுப் பழகிட்டேன்டி போன தடவை. பூட்டின அன்னிக்கு நிறுத்தறதுக்குள்ள உசிரே போயிட்டு வந்துச்சு. இந்தத் தடவை பாதியா குடிக்கிறேன். முப்பத்தோராம் நாள் அவ்வளவு கஷ்டமா இருக்காது."

ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அழ வேண்டும் போல இருந்தது வெண்கலத்துக்கு. அழவில்லை. அக்காவின் கையை விலக்கிவிட்டு டம்ளரை விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். "குடி. முப்பத்தோராம் நாள் என் பாடு" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். கை அதன் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. அதற்குள் கையில் பையோடு ஒரு பெண் வந்து நின்று பீன்ஸ் என்ன விலை என்று கேட்டாள். அக்கா டம்ளரைக் கொட்டிவிடாதபடி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "எவ்வளவும்மா வேணும்?" என்று தராசைத் தூக்கினாள்.